வாலுவின் மச்சம்

"ஒரு மீனைப் படம் பிடிக்க இவ்வளவு விலையில லென்ஸா? ஃபோன்லயே எடுத்துக்கலாம், வாங்க!"

கேமரா கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

படம் கேட்டது மகள். வெளியூருக்குப் படிக்கப் போனபோது, தன் சண்டை மீன் வாலுவை இவர்கள் பொறுப்பில் விட்டுப் போயிருந்தாள்.

"நல்லா கிட்டக்க எடுத்து அனுப்புங்கப்பா. செவுளோரம் இருக்கிற மச்சம் தெரியணும். பெருசா போட்டு ரூம்ல மாட்டப் போறேன்."

கடைப் பெண் முகம் சுளிக்காமல், லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்தாள். "இது விலை கம்மி சார்."

"ஓரமெல்லாம் மங்கலா விழுமே" என்று இழுத்தார் கணவர்.

"இவருக்கு எதுவும் பிடிக்காதும்மா. நாங்க கிளம்பறோம்."

அந்தப் பெண் விடுவதாக இல்லை. "அப்ப வீட்டுல இருக்கிற லென்ஸே போதும். அதுக்கும் கேமராவுக்கும் நடுவுல இந்த வளையத்தை மாட்டுங்க. உள்ளே கண்ணாடியே கிடையாது, அதான் இவ்வளவு மலிவு. ஆனா மீனோட செதிலைக்கூட எண்ணிடலாம்!"

கணவர் வளையத்தை வாங்கிக்கொண்டார். விலையைச் சாக்கு சொல்லி அவள் தப்பிக்கப் பார்த்தால், அந்த மலிவே காலை வாரிவிட்டது.

போன கோடையில், கணவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்த நேரம். வாலு செத்து மிதந்தது. அந்த மீன்மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன், தாங்குவாரா? அழுதுகொண்டே போய் அதே நீலத்தில் இன்னொன்றை வாங்கி வந்து தொட்டியில் விட்டாள்.

இந்தப் புது மீனுக்கு மச்சம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் அறை விளக்கை அணைத்தார். தொட்டிக்கு மேலே மட்டும் வெளிச்சம். பிம்பம் விழாமலிருக்க லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். மீன் ஓரிடத்தில் நிற்கவில்லை. எடுத்ததெல்லாம் கலங்கல்.

"சரியா வரலைன்னு சொல்லிடலாமா?" என்றார்.

"சொல்லிடலாங்க!" என்றாள், அவர் வாயை மூடுவதற்குள்.

ஆனால் கடைசியாக எடுத்த படம் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. கம்ப்யூட்டர் திரை முழுக்க நீலச் செதில்கள். துடைத்துவிட்டது போல் செவுள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்தார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க. நீங்க ஊர்ல இல்லாதப்ப வாலு செத்துப் போச்சு. இது நான் அழுதுகிட்டே போய்க் கடையில வாங்கி விட்டது."

சொன்னதும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இனி திட்டினாலும் பரவாயில்லை.

அவர் திட்டவில்லை. "அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். "அவகிட்ட ரெண்டு பேருமா சேர்ந்தே சொல்லிடுவோம்."

"நீங்க எதுக்கு? தப்புப் பண்ணது நான்தானே?"

அவர் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நீ அழுதியே, அது வாலுவே இல்ல. நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்பவே வாலு செத்துப் போச்சு. நீ தாங்க மாட்டேன்னு, அதே நீலத்துல தேடிப் பிடிச்சு நான் வாங்கி விட்ட மீன் அது!"