ஏழாவது பாடம்

"எந்தப் புண்ணியவதி பார்த்த வேலை இது?"

மகளின் அறிவியல் புத்தகத்தைத் தலைமையாசிரியையின் மேசையில் ஓங்கி அடித்தார் மூட்டை தூக்கும் தொழிலாளி.

"உட்காருங்கய்யா. பொம்பள உடம்பைப் பத்தின ஏழாவது பாடம்தானே? கவலையே படாதீங்க. நாங்க நடத்தவே மாட்டோம். பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிச்சு மூடிட்டோம்."

அவர் பையிலிருந்து பழைய புத்தகம் ஒன்றை எடுத்தார். அதே பாடத்தில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்.

"இது என் மூத்தவளோடது. மாசத்துல இருபது நாள் ரத்தம் போச்சு. எல்லாப் பொண்ணுக்கும் அப்படித்தான்னு நெனச்சு வாயைத் திறக்கல. மண்ணுக்குள்ள போயிட்டா. நான் கைநாட்டு, எனக்குத் தெரியல. படிச்ச உங்களுக்குமா?"

மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பின்னைப் பிடுங்கிச் சின்னவளுக்குப் பாடம் நடத்துங்க. நடத்தின அன்னிக்குத்தான் இது திரும்பி வரும்."