படித்ததும் தெரிவி

மைனாவும் ஆமையும் ஒரே குளத்தங்கரையில் உயிர்த்தோழிகளாக இருந்தார்கள். ஆமை நம்பிச் சொன்ன ஒரு ரகசியத்தை மைனா ஒருநாள் வாய்தவறி ஊருக்கே சொல்லிவிட்டாள். ஆமை கோபித்துக்கொண்டு அடுத்த குளத்துக்குக் குடிபோய்விட்டாள்.

மனசு கேட்காமல் மைனா ஒரு மின்னஞ்சல் எழுதினாள்: “நான் செய்தது தப்புதான். என்னை மன்னித்துவிடு.” ஆமை அதைப் படித்ததும் தனக்குத் தகவல் வரும்படி மைனா செட்டிங்கில் ஒரு டிக்கும் போட்டாள்.

‘படிக்கப்பட்டது’ என்று உடனே தகவல் வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

“படித்துவிட்டாய் அல்லவா? இன்னும் கோபமா?” என்று மைனா மறுபடி எழுதினாள். அதுவும் படிக்கப்பட்டது. “இனி பேசவே மாட்டாயா?” என்று எழுதினாள். அதுவும் படிக்கப்பட்டது. மைனாவுக்கு இரை இறங்கவில்லை.

இரண்டு குளத்துக்கும் போய்வரும் தவளையிடம், “அவள் என்னை வெறுத்துவிட்டாள்” என்று அழுதாள்.

“வெறுப்பா? உனக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்!” என்றது தவளை. “ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறாள். பாதி எழுதுவதற்குள் உன் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. எழுதியதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.”

மைனா வெட்கத்தோடு அந்த டிக்கை எடுத்தாள். பிறகு எதுவும் எழுதாமல் இரை தேடப் பறந்தாள்.

சில நாள் கழித்துப் பதில் வந்தது:

“கோபம் இருந்தது. இப்போது இல்லை. உன்னைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். ‘எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?’ என்று மட்டும் கேட்காதே.”