அக்கா காத்த ரகசியம்

"அக்கா, என் சேமிப்பு மொத்தமும் அந்தக் கப்பல் கம்பெனிப் பங்குலதான் இருக்கு. வச்சிருக்கவா, வித்துடவா?" என்று மதியச் சாப்பாட்டின்போது தம்பி கேட்டான்.

பன்னாட்டு முதலீட்டு வங்கியில் வேலை பார்க்கும் அக்காவுக்குப் பதில் தெரியும். அந்தக் கம்பெனி திவாலாகும் செய்தி நாளைதான் வெளிவரும். அதுவரை வீட்டில் மூச்சு விட்டாலும் குற்றம்.

"தெரியலடா. சாப்பிடு."

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் பங்கு அதலபாதாளத்துக்குப் போனதும் அவனை அழைத்தாள்.

"தெரிஞ்சும் உன்கிட்ட மறைச்சுட்டேன்டா. தொழில் தர்மம். மன்னிச்சிடு."

"நான் நேத்தே வித்துட்டேன்க்கா. எந்தப் பங்கைப் பத்திக் கேட்டாலும் அரை மணி நேரம் கிளாஸ் எடுப்ப. நேத்து தெரியலன்னு சொன்னியே, அப்பவே புரிஞ்சுடுச்சு. உன் பேரைச் சொன்னதும் பெரியப்பா, சித்தப்பா எல்லாருமே வித்துட்டாங்க."