பூசணிக்காய் கேட்ட பழமொழிகள்

லகாட் ஊர்க் கோயில் சமையற்கட்டில் ஓரகத்திகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மஞ்சள் பூசணியை அரிகிறார்கள். மழை விட்ட வெளிச்சம் தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கி, தட்டிலுள்ள துண்டுகளை மினுக்குகிறது. மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு வந்து கூப்பிடாமல், சின்னவள் புனிதா வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து பெரியவள் அஞ்சலை அவளோடு பேசுவதில்லை. கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்கிறாள். பேச்சுத்தான் இல்லை கண்ணுகளா, பழமொழிக்குக் குறைவில்லை. "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில கொடை பிடிப்பானாம்" என்று அஞ்சலை பூசணிக்காயிடம் சொல்கிறாள். "குத்தம் பாத்தா சுற்றம் இல்லையாம்" என்று புனிதாவும் அதே பூசணிக்காயிடம் சொல்கிறாள். பிறகு புனிதா, "ஆனைக்கும்..." என்று தொடங்கி, பாதியில் விட்டு முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். இரண்டு கத்திகளும் நிற்கின்றன. அடுப்பில் சாம்பார் தளதளக்கிறது. ஒரு பழமொழி பாதியில் தொங்குவதை அஞ்சலையால் எந்நாளும் பொறுக்க முடியாது. "அடி சறுக்கும்லா" என்று முடித்துவைத்து, முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்க்கிறாள். "இந்த ஒடம்புக்கு நீ ஆனையேதான். சரி, கல்யாணத்துக்கு நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் என்ன கலர் சேலை?"