அம்மனுக்குக் கொடுத்த முடி

"சந்தனத்தை இன்னும் கொஞ்சம் கெட்டியா அப்புங்க மாமா. காதுக்கு மேல விட்டுப்போச்சு பாருங்க" என்று காருக்குள்ளேயே தலையைக் குனிந்து கொடுத்தான் சூரியபிரகாஷ்.

"ஏலே, இது தலையா, சொவரா? இதுக்கு மேல பூசுனா சுண்ணாம்புக் காரை பேந்து விழுந்துரும்" என்றார் தாய்மாமன் தங்கப்பாண்டி. பண்ணைப்புரத்துக்குள் நுழையுமுன் ஓரமாக நிறுத்திய காரில், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கு நடந்த அலங்காரம் இது.

காலையில்தான் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டிருந்தான். பக்தியெல்லாம் அப்புறம். கல்லூரி நாளில் சின்னமனூரில் நின்ற வழுக்கை, வேலைக்குச் சேர்ந்த வருடம் கம்பத்தைத் தொட்டு, இப்போது குமுளி மலையும் ஏறிக் கேரள எல்லை தாண்டிவிட்டது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்த பிறகு கண்ணாடிப் பக்கம் போக மாட்டான்.

டீத்தூள் கம்பெனியில் சேல்ஸ்மேன் வேலை, சொந்தமாக வயல், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஆனாலும் போட்டோ போன வீட்டிலிருந்தெல்லாம், "மாப்பிள்ளைக்குத் தம்பி யாரும் இருக்காகளா?" என்றுதான் பதில் வந்தது.

இந்த இடம் மட்டும் போட்டோவே கேட்கவில்லை. "போட்டோ எதுக்கு, நேர்ல வரச் சொல்லுங்கன்னு பொண்ணே சொல்லிருச்சு" என்றார் தரகர். இதையும் கோட்டை விடக்கூடாது. மொட்டை போட்டால் வழுக்கையும் மறையும், நல்ல பிள்ளை என்ற பெயரும் கிடைக்கும். இத்தனை யோசித்தவன் ஒன்றை யோசிக்கவில்லை. முடி இருந்த இடம் வெளுத்தும், இல்லாத இடம் வெயிலில் கறுத்தும் தலை இரண்டு நிறமாகிவிட்டது. அதற்குத்தான் இந்தச் சந்தனம்.

பெண்ணின் தாய் சங்கிலியம்மாளுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போனது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! என்ன வேண்டுதல் தம்பி?"

சூரியபிரகாஷ் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "மழை பெய்யணும்னு நேந்துக்கிட்டான் தாயி. ஊரு செழிக்கணும்ல?"

சங்கிலியம்மாளின் முகம் மாறியது. "அந்த மழையா? போன வாரம் அடிச்ச மழையில எங்க வாழை பூராஞ் சாஞ்சுபோச்சே!"

"நான் அளவாத்தாங்க கேட்டேன்" என்று முனகினான் சூரியபிரகாஷ்.

காபித் தட்டோடு நதியா வந்தாள். "தேனியில பெரிய கடையில வேலை. குளுகுளு ரூம்ல உக்காந்து நாள் பூராம் டிவி பாக்குறா, அதுக்குச் சம்பளமும் குடுக்காக" என்று பாதிப் பெருமையும் பாதி அலுப்புமாகச் சொன்னாள் தாய்.

நதியா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. டம்ளரை நீட்டியபடி தலையையே பார்த்தாள். பிறகு, கை நழுவி எதையோ தொலைத்தவளைப் போல முகம் வாடி உள்ளே போய்விட்டாள். போச்சு, இதுவும் போச்சு என்று காபியை விழுங்கினான் சூரியபிரகாஷ்.

தாய்க்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. "எங்களுக்குச் சம்மதம். ஆனா மொட்டைத் தலையோட மணவறையில உக்கார வைக்க முடியுமா? முடி வளரட்டும். வகிடெடுத்துச் சீவுற அளவுக்கு வந்ததும் தேதி குறிச்சிருவோம்."

மாமாவுக்கு வடை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரட்டும் என்று இருவரையும் கொல்லைப்புறம் அனுப்பினார்கள். வெயிலில் சந்தனம் இளகிப் புருவத்தில் வழிந்தது. கைக்குட்டையால் தலையை ஒரே துடைப்பாகத் துடைத்தான் சூரியபிரகாஷ்.

"ஒளிச்சு வச்சு என்னங்க ஆகப்போகுது? வேண்டுதலும் இல்ல, மழையும் இல்ல. இது வழுக்கை. ஒங்க அம்மா சொல்ற மாதிரி வளரவும் செய்யாது. அம்மனுக்கு நான் குடுத்ததே ஓரத்து முடிதேன். நடுவுல உள்ளதத்தான் முன்னாலேயே வேற யாரோ வாங்கிட்டுப் போயிட்டாகளே. பிடிக்கலன்னா சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

"கொஞ்சம் குனிங்க" என்றாள் நதியா.

குனிந்தான். உச்சந்தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தவளின் வாடிய முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அப்பாடா, நீங்கதேன்!"

"என்னங்க சொல்றீக?"

"கடையில எனக்குக் கேமரா பாக்குற வேலைங்க. டீத்தூள் அலமாரிக்கு நேர் மேல ஒரு கேமரா இருக்கு. வர்ற சேல்ஸ்மேன் எல்லாரும் அடுத்த கம்பெனி பாக்கெட்டப் பின்னால தள்ளிவிட்டுட்டு, தங்களோடத முன்னால அடுக்குவாக. நீங்க ஒருத்தர்தேன் தள்ளிக் கெடக்குறதையும் எடுத்து முன்னால வச்சுட்டுப் போவீக. கடையில பேரு கேட்டு, தரகர அனுப்புனதே நாந்தேன். இன்னைக்கு மொட்டையும் சந்தனமுமா வந்து நிக்கவும், ஆளு மாறி வந்துட்டாகளோன்னு பதறிப்போயிட்டேன்."

சூரியபிரகாஷுக்குத் தலை சுற்றியது. "ஏங்க, முகத்தப் பாத்தாத் தெரியாதா?"

நதியா வெட்கத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க முகத்த இன்னைக்குத்தேங்க பாக்குறேன்."