ஏழாவது பெயர்

பங்குச் சாமியார் ஆறு பெயர்களை வாசித்துவிட்டார். ஏழாவது பெயரின் மேல் விரல் நின்றது.

கஸ்பார்.

பூசையில் வேண்டிக்கொள்ள வேண்டிய இறந்தோரின் பெயர்களை எழுதிய தாளின் கடைசி வரி. அவர் கையெழுத்துதான். நேற்று மாலை கஸ்பாரின் தாய் ஜெபமாலை வந்து சொல்லச் சொல்ல எழுதியது. மகனின் பெயரைச் சொல்ல அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கோவில் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சட்டமன்ற உறுப்பினர், கைகளைக் கூப்பியபடி. பூசை முடிந்ததும் புதிய கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டப் போகிறார். கோபுரம் கட்டும் அனுமதிக்காகச் சாமியார் நான்கு வருடம் அலைந்திருந்தார். எழுபத்தொரு வயதில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. ஆழ்கடலில் நிற்கும் வள்ளத்துக்கும் தெரிகிற மாதிரி ஒரு கோபுரம். அவ்வளவுதான்.

பூசைக்குக் கால்மணி நேரம் முன்பு, உடை மாற்றும் அறைக்கு உறுப்பினரின் ஆள் வந்திருந்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"செத்தவங்க பட்டியல்ல அந்தப் பையன் பேரு வேண்டாமே ஃபாதர். அண்ணன் முன்னாடி உக்காந்திருப்பாரு. பேப்பர்காரனும் வந்திருக்கான்."

அவர் வெள்ளை அங்கியை மாட்டினார். இடைக்கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

போன வருடம் துறைமுகச் சுவர் வேண்டாம் என்று கடற்கரையில் ஊர் கூடியது. போலீஸ் அடித்து விரட்டியது. ஓடியவர்களில் சிலர் கடலில் இறங்கினார்கள். எல்லோரும் கரையேறினார்கள், கஸ்பாரைத் தவிர.

உடல் கிடைக்கவில்லை. அரசாங்கக் காகிதத்தில் அவன் காணாமல்போனவன். செத்தவன் என்று சொன்னால், எப்படிச் செத்தான் என்று ஒருவன் கேட்பான்.

ஒரு வருடமாக ஜெபமாலை, மகன் திரும்பி வரவேண்டும் என்றே பூசை வைத்தாள். இவர்தான் மாதக்கணக்காகச் சொன்னார். அவனை ஆண்டவரிடம் விட்டுவிடு. அழுது முடி. நேற்றுத்தான் அவளுக்கு மனம் வந்தது.

விரல் இன்னும் அந்த வரியில் இருந்தது.

யாரோ இருமினார்கள்.

"மற்றும் இறந்த அனைவரையும்," என்றார்.

வசதியான சொல். யாரை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு மூடிவிடலாம்.

குரல் தடுமாறவில்லை. நாற்பத்து மூன்று வருடப் பழக்கம். இதே ஊரில் முதல்முறை பங்குச் சாமியாராக இருந்தபோது, ஒரு கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, கஸ்பார் என்று உரக்கச் சொன்னதும் இந்தக் குரல்தான். குழந்தை வீறிட்டு அழுதது. எல்லோரும் சிரித்தார்கள்.

நற்கருணை கொடுக்கும்போது பெண்கள் வரிசையில் அவளைத் தேடினார். வரவில்லை.

நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் முதலில் கூசச் செய்தது.

பூசை முடிந்து, கூட்டம் பேண்டு வாத்தியத்தோடு அடிக்கல் பக்கம் நகர்ந்தது. அவர் உடை மாற்றும் அறைக்குத் திரும்பியபோது ஜெபமாலை வாசலில் நின்றாள்.

திட்டட்டும். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம்.

ஆனாலும் இரண்டு பொய்கள் நாவில் தயாராக இருந்தன. நேரமாகிவிட்டது என்று ஒன்று. வரி கண்ணில் படவில்லை என்று ஒன்று.

அவள் நிமிர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது. ஒரு வருடத்தில் அவர் பார்க்காத முகம்.

"நீங்க பேரை வாசிக்கல சாமி."

"ஜெபமாலை..."

"நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். விரலை அங்கன வச்சிக்கிட்டு நின்னீய. வாசிக்கணும்னுதான் பாத்தீய, முடியல. ஆண்டவர் வாயைக் கட்டிட்டாரு. என் பிள்ளை செத்திருந்தா உங்களுக்கு வாய் வந்திருக்கும்லா?"

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பாவி நான், அவனைச் செத்தவங்க கூடச் சேக்கப் பாத்தேனே. அந்த வெக்கத்துலதான் நன்மை வாங்க வரிசைக்குக்கூட வரல."

வெட்கப்பட்டவள் அவள்.

அவர் வாயைத் திறந்தார். இரண்டு வாக்கியம் போதும். சொன்னால் அவள் மகனை மறுபடியும் இழப்பாள். தன் சாமியார் யார் என்றும் தெரிந்துகொள்வாள். இவற்றில் எதற்கு அஞ்சித் தயங்கினார் என்பது அவருக்குத் தெரிந்தது.

வெளியே ஒருவன் கூப்பிட்டான். "ஃபாதர், அண்ணன் காத்திருக்காரு."

"போங்க சாமி, போங்க," என்றாள் அவள். "நாளைக்கு நன்றிப் பூசை ஒண்ணு வைக்கணும். எழுதிக்கிட்டுப் போங்க."

நாளைய தாள் மேசை மேல் இருந்தது. நன்றி என்ற தலைப்பின் கீழ் கஸ்பார் என்று எழுதினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"சத்தமா வாசிக்கணும் சாமி, என்ன? கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்."

தலையசைத்தார்.

உயிரோடு இருப்பவனின் பெயர். அதை யார் முன்னாலும் வாசிக்கலாம்.