இடது கைக் கத்தி

"கத்தி இடது கைக்கு இருக்கணும், ஆசாரியண்ணே. நான் கேட்டதா யாருகிட்டயும் சொல்ல வேணாம்."

வேலாயி தலையில் போட்டிருந்த சாக்கை இழுத்து மூடிக்கொண்டாள். பொகவந்தலாவைக் கடைவீதியில் தூறல் விட்டபாடில்லை. மூக்கன் ஆசாரி துருத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"யாருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்குத்தான். கவ்வாத்து வெட்டக் கொந்தராத்து எடுத்திருக்காரு. பழைய கத்தி சரிப்படல."

அவள் போன பிறகு மூக்கனுக்கு வேலை ஓடவில்லை. செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை. பக்கம் மாறினால் தேயிலைக் கிளையில் வழுக்கிக் காலில் பாயும். அவள் புருஷன் அழகனுக்கு அவர் இதுவரை அடித்துக் கொடுத்ததெல்லாம் வலது கைக் கத்தி. அவர்கள் வேலை செய்யும் தோட்டத்தில் இடது கைக்காரன் செல்லசாமி ஒருவன்தான். கல்யாணம் ஆகாதவன். அழகன் வீட்டுக்கு அவன் அடிக்கடி போய்வருவதாக ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது.

யுத்த காலத்து லாரி வில்பட்டையில் ஒரு துண்டை உலையில் வைத்தார். நினைப்பு எங்கோ போனதில் இரும்பு மிதமிஞ்சி வெந்து பொறி கக்கியது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு துண்டு வைத்தார். சம்மட்டி குறி தவறிப் பட்டடையில் விழுந்தது. சொன்னால் ஒரு குடும்பம் உடையும். சொல்லாவிட்டால் சிநேகிதனுக்குச் செய்யும் துரோகம்.

ஒருவழியாகக் கத்தி முடிந்ததும் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினார். வேலை நடக்கும் மலைக்கே போய் அழகனிடம் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு. ஆனால் தொழிலாளர் லயத்தில் அழகன் வீட்டைக் கடக்கும்போது உள்ளேயிருந்து அழகனின் குரல் கேட்டது.

"யாரு, ஆசாரியண்ணனா? உள்ள வாங்க."

அடுப்போரம் கால்மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு அழகன் உட்கார்ந்திருந்தான்.

"மலைக்குப் போகலியா?"

"ஒடம்பு முடியலண்ணே."

"செல்லசாமி இங்க வர்றானா?"

"வருவான். ஏன்?"

மூக்கன் கத்தியைத் தரையில் வைத்தார்.

"ஒன் பேரச் சொல்லி வேலாயி இதக் கேட்டா. இடது கைக் கத்தி, அழகா. எனக்குத் தெரிஞ்சு இங்க இடது கைக்காரன் அவன் ஒருத்தன்தான். இதுக்கு மேல என்னக் கேக்காத."

அழகன் கத்தியை எடுத்து அதன் கூர்மையைத் தடவிப் பார்த்தான். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை.

"கதவச் சாத்துங்கண்ணே."

சாத்தினார். அழகன் சாக்கை விலக்கினான். முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. கால் வீங்கிக் கறுத்திருந்தது.

"தீவாளிக்கு முந்தி சறுக்கி விழுந்தேன். செல்லசாமிதான் தூக்கிட்டு வந்து போட்டான். தொரைக்குத் தெரிஞ்சா வேலையில பேர வெட்டிருவாங்க, குடியிருக்கிற இந்தக் காம்பராவும் போயிரும். அதான் மூச்சு விடல."

"அப்ப கொந்தராத்து?"

"அது நடக்குது. பனிமூட்டத்துல கங்காணிக்கு ஆளு அடையாளம் தெரியாது." அழகன் கத்தியை அவரிடமே நீட்டினான். "இங்க இடது கைக்காரன் ஒருத்தன்தான்ணே. ஆனா இடது கைக்காரி ஒருத்தி இருக்கா. என் சட்டையையும் கம்பளியையும் மாட்டிக்கிட்டு அந்தா மலையில வெட்டிக்கிட்டு நிக்கிறா, போய்க் குடுத்துட்டு வாங்க."